பாட்டன் சேர்த்த காசு: விற்கு முன் நீங்களே நிறுத்துப் பாருங்கள்



இந்த நாட்டுத் தமிழர்களாகிய நாம் பணத்தை 'வெள்ளி' என்றுதான் சொல்கிறோம். சம்பளம் இத்தனை வெள்ளி, கடைப் பாக்கி இத்தனை வெள்ளி என்று நாள் முழுக்க வெள்ளிப் பேச்சுதான். ஆனால் இன்று நம் சட்டைப் பையில் கிடக்கும் வெள்ளியில் ஒரு குன்றிமணி எடை வெள்ளிகூடக் கிடையாது. காகிதமும் மலிவான உலோகமும்தான். வெள்ளி நிசமாகவே வெள்ளியாக இருந்த காலத்துக் காசுகள் இன்னும் நம் மக்கள் வீடுகளில் இருக்கின்றன. தகரப் பெட்டியின் அடியிலும் சாமி மாடத்திலும் பழைய சேலைத் துணியில் முடிந்து கிடக்கின்றன.

வெள்ளி விலை ஏறுகிற போதெல்லாம் இந்த முடிச்சுகளைத் தேடிக்கொண்டு ஆட்கள் தோட்டத்துக்குள் வருகிறார்கள். மோட்டார் சைக்கிளை லயத்து முனையில் நிறுத்திவிட்டு, "பழைய காசு இருக்கா பாட்டி?" என்று கேட்பார்கள். பாட்டி முடிச்சை அவிழ்த்ததும் உதட்டைப் பிதுக்குவார்கள். "இதில பாதி ஈயம் பாட்டி. போனாப் போகுது, எல்லாத்துக்கும் ஒரே விலை போட்டு எடுத்துக்கிறேன்" என்பார்கள். இது ஒரு வகை ஏமாற்று. இன்னொரு வகையும் உண்டு. முலாம் பூசிய போலிக் காசைக் கொண்டுவந்து, "மகாராணி காசு, ரொம்ப அபூர்வம்" என்று நம்மிடமே விற்றுவிட்டுப் போகிற கூட்டம் அது. நல்ல காசைப் போலி என்று சொல்லி வாங்குவார்கள். போலியை நல்லது என்று சொல்லி விற்பார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். காசு நம் கையில் இருக்கிறது, அதைப் பற்றிய கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது.

அந்தக் கணக்கை நம் கைக்குக் கொண்டுவருவது பெரிய வித்தை இல்லை. பால்மரம் வெட்டிய கைகளுக்கு இது இன்னும் சுலபம். ஏன் என்பதைப் பிறகு சொல்லுகிறோம்.

இந்தக் காசுகள் எப்படி வந்தன?

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1867 வரை இந்தியாவிலிருந்த ஆங்கில அரசின் கீழ்தான் இருந்தன. அதனால் இந்திய ரூபாய் இங்கே வந்தது புதுமை இல்லை. அதற்குப் பிறகும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிய நம் முன்னோர் மடியில் ரூபாயை முடிந்துகொண்டுதான் வந்தார்கள். ஊருக்குப் போய்த் திரும்பியவர்களும் நாலு காசு கொண்டுவந்தார்கள். இந்த நாட்டுக் காசாக 1903-இல் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் டாலர் வந்தது. அதற்கு முன்னே மெக்சிகோ டாலரும், சூலமும் கேடயமும் பிடித்து ஒரு பெண் நிற்கும் பிரிட்டிஷ் வணிக டாலரும் புழங்கின. ஆகவே நம் வீட்டு முடிச்சில் ரூபாயும் இருக்கலாம், டாலரும் இருக்கலாம், இருபது காசு, பத்துக் காசு என்று சில்லறையும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எடை வேறு, வெள்ளியின் அளவும் வேறு. "எல்லாத்துக்கும் ஒரே விலை" என்கிறவன் வாயைத் திறந்தவுடனே நமக்குச் சந்தேகம் வரவேண்டும்.

முதலில் முகமும் ஆண்டும்

காசைக் கையில் எடுத்ததும் யார் முகம், எந்த ஆண்டு என்று பாருங்கள். இந்திய ரூபாயில் விக்டோரியா மகாராணி இடப் பக்கம் பார்த்திருப்பார். அவர் முகம் போட்ட ரூபாயில் காணும் ஆண்டு 1840, அதன் பிறகு 1862 முதல் 1901 வரை. 1840-ஆம் ஆண்டுக் காசில் மட்டும் மறுபக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி என்று ஆங்கிலத்தில் இருக்கும். அடுத்து வந்த ஏழாம் எட்வர்டு வலப் பக்கம் பார்த்திருப்பார், தலையில் கிரீடம் இராது. நம் பெரியவர்கள் மொட்டைத்தலை ராசா காசு என்பது இதைத்தான். ஆண்டு 1903 முதல் 1910 வரை. ஐந்தாம் ஜார்ஜ் கிரீடத்துடன் இடப் பக்கம் பார்ப்பார், 1911-இல் தொடங்கும். ஆறாம் ஜார்ஜும் கிரீடத்துடன் இடப் பக்கமே. அவருடைய வெள்ளி ரூபாய்கள் 1938 முதல் 1945 வரை உள்ளவை.

மகாராணி முகத்தைப் போட்டு 1905 என்று ஆண்டு இருந்தால் அதை நிறுக்கக்கூட வேண்டியதில்லை. அவர் 1901-இலேயே காலமாகிவிட்டார். போலி செய்கிறவனுக்கு வரலாறு தெரியாது; அது நமக்கு நல்லதாய்ப் போயிற்று.

ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். 1939 வரை ரூபாயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றே முக்கால் பங்கு வெள்ளி. உலகப்போர் வந்ததும் 1940 முதல் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். நூற்றுக்கு 50 பங்குதான் வெள்ளி. எடையும் அளவும் மாறவில்லை, அதனால் பார்வைக்குத் தெரியாது. இந்தப் பாதி வெள்ளி ரூபாயின் விளிம்பில் பல் பல்லாக இருக்கும் கோடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் சுற்றிலும் ஓடும். அதற்குப் பிறகு வந்த 1947-ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே இல்லை, முழுக்க நிக்கல். அது காந்தத்தில் ஒட்டும். ஒட்டுவதால் அது கள்ளக்காசு ஆகிவிடாது. அரசாங்கம் அடித்த நல்ல காசுதான், வெள்ளிக் காசு மட்டும் இல்லை.

இந்த நாட்டு டாலரிலோ கதை இன்னும் சுவையானது. ஏழாம் எட்வர்டு முகத்தோடு 1903, 1904-இல் அடித்த டாலர் பெரிது. குறுக்களவு 37 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், எடை 26.95 கிராம். நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி. பிறகு வெள்ளி விலை ஏறியது. டாலரின் மதிப்பைவிட அதிலுள்ள வெள்ளியின் மதிப்பு கூடிவிட்டால் காசை உருக்கிவிடுவார்கள் அல்லவா? அதனால் 1907-இல் டாலரைச் சின்னதாக்கி 20.21 கிராமாகக் குறைத்தார்கள். வெள்ளியின் பங்கு அதே 90. முதல் உலகப் போருக்குப் பிறகு ஐந்தாம் ஜார்ஜ் முகத்தோடு 1919, 1920-இல் வந்த டாலர் 16.85 கிராம். அதில் வெள்ளி நூற்றுக்கு 50 பங்குதான். மூன்றுக்கும் பெயர் ஒரு டாலர்! கடைசி இரண்டும் அளவில் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும், தராசில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும்.

சில்லறையில், மலாயா என்று பொறித்த 1939-ஆம் ஆண்டு இருபது காசில் முக்கால் பங்கு வெள்ளி. 1943, 1945-இல் பாதிப் பங்கு. இரண்டும் 5.43 கிராம். பத்துக் காசு அதில் பாதி எடை. 1948 முதல் வந்த சில்லறை எல்லாம் செம்பும் நிக்கலும் கலந்தது. பழையது, ராசா தலை போட்டது என்பதற்காக அவற்றை வெள்ளி என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒரு பாட்டியின் முடிச்சு

பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டம். கிளைக் கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, எண்பது வயதை நெருங்கிய ஒரு பாட்டி நம்மிடம் வந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் புல்வெட்டிலும் மருந்தடிப்பிலும் முதுகு வளைந்தவர். பேரனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது, பணம் கட்ட வேண்டும். முடிச்சில் 23 காசு. ஒருவன் வந்து காசுக்கு 15 வெள்ளி வீதம் 345 வெள்ளி தருவதாகச் சொல்லி, மறுநாள் வருவதாகப் போயிருக்கிறான்.

"தம்பி, குடுத்துடலாமா? பாதி ஈயம்னு சொல்றான்."

"பாட்டி, அவன் சொல்றது இருக்கட்டும். முதல்ல நாம நிறுத்துப் பார்ப்போம்" என்றோம்.

தோட்டத்துப் பையன் ஒருவன் நகை நிறுக்கும் சின்னத் தராசு வைத்திருந்தான். கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும். உள்ளங்கை அளவுதான். இன்று விலை மலிவு. நாலு குடும்பம் சேர்ந்தால் ஒன்று வாங்கிவிடலாம். சமையல் தராசு இதற்கு உதவாது.

இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம். நம் பெரியவர்கள் சொல்லும் ஒரு தோலா என்பதே இந்த ரூபாயின் எடைதான். நூறு ஆண்டு புழங்கிய காசு தேய்ந்திருக்கும்; 11.5, 11.4 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். முகம் மழுங்கத் தேய்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் குறையலாம். ஆனால் கோடுகள் எல்லாம் கூர்மையாக, புதுக்காசு மாதிரி இருந்துகொண்டு எடை மட்டும் 10 கிராம் என்றால் அது சரியில்லை. எடை கூடுதலாக இருந்தாலும் சரியில்லை. காசு தேயும், வளராது. கழுத்தில் போட வளையம் பற்றவைத்த காசு மட்டும் இதற்கு விதிவிலக்கு. வளையமும் பற்றாசும் சேர்ந்து கூட்டிக் காட்டும்.

பாட்டியின் முடிச்சில் 14 ரூபாய் முழு வெள்ளி. எடையெல்லாம் 11.4-க்கும் 11.66-க்கும் நடுவில். 1944-ஆம் ஆண்டுப் பாதி வெள்ளி ரூபாய் 2. "அது சண்டைக்கு அப்புறம் எங்க மாமன் ஊருக்குப் போயிட்டு வந்தப்பக் கொண்டாந்தது" என்றார். 1904-ஆம் ஆண்டு டாலர் ஒன்று, 1920-ஆம் ஆண்டு டாலர் ஒன்று, 1939-ஆம் ஆண்டு இருபது காசு மூன்று. மீதி இரண்டும் போலி. ஒன்று மகாராணி முகமும் 1905 என்ற ஆண்டும் போட்டது, 9.4 கிராம். மற்றொன்று மொட்டைத்தலை ராசா, 10.1 கிராம், உருவம் தெளிவில்லாமல் மாவுப் பலகாரம் மாதிரி இருந்தது.

பாட்டிக்கு முகம் வாடிவிட்டது. "எங்க அப்பாரு ரஜூலா கப்பல்ல கொண்டாந்தது தம்பி. அதெப்படிக் கள்ளக் காசாயிருக்கும்?"

"கள்ளக்காசு அந்தக் காலத்திலயும் இருந்துச்சு பாட்டி. அப்பாருகிட்ட எவனோ தள்ளி விட்டிருக்கான்."

இதை எல்லாரும் மனத்தில் வைக்க வேண்டும். அழுக்கு ஏறியிருப்பது, கறுத்திருப்பது, பாட்டன் பெட்டியில் இருந்தது, இவை எதுவும் காசு நல்லது என்பதற்குச் சாட்சி ஆகாது. நூறு ஆண்டுக்கு முன் செய்த போலிக்கும் இன்று நூறு வயதுதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். வெள்ளி விலை நாளுக்கு நாள் மாறும். சும்மா கணக்குக்காகக் கிராம் 4 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வெள்ளி ரூபாய் ஒன்றில் 10.69 கிராம் வெள்ளி இருக்கிறது. அது 42 வெள்ளிக்கு மேல். பாதி வெள்ளி ரூபாயில் 5.83 கிராம்; 23 வெள்ளி. 1904-ஆம் ஆண்டு டாலரில் 24 கிராமுக்கு மேல், 97 வெள்ளி. 1920-ஆம் ஆண்டு டாலரில் 8.4 கிராம்தான், 33 வெள்ளி. இருபது காசு ஒன்றில் 4 கிராம், 16 வெள்ளி. போலி இரண்டையும் தள்ளிவிட்டு மற்றதைக் கூட்டினால், தேய்மானம் போக 800 வெள்ளிக்குக் குறையாது. அவன் கொடுக்க வந்தது 345. விலை 4 வெள்ளியில்லை, வேறு எதுவாயிருந்தாலும் பெருக்குகிற முறை இதுதான். வாங்குகிறவனுக்கும் இலாபம் வேண்டும், அதை மறுக்கவில்லை. நூற்றுக்குப் பத்தோ பதினைந்தோ குறைத்துக் கேட்டால் பேசலாம். பாதிக்கும் கீழே கேட்பது வியாபாரம் இல்லை.

மறுநாள் மோட்டார் சைக்கிள்காரன் வந்தபோது காசெல்லாம் தனித்தனிப் பொட்டலமாக, எடை எழுதிய துண்டுச் சீட்டோடு இருந்ததாம். பார்த்துவிட்டு, "பிறகு வர்றேன் பாட்டி" என்று போனவன் பிறகு வரவே இல்லை என்று தகவல்.

மெட்ரோலாக் தெரிந்தவர்களுக்கு இது தெரியும்

எடை சரியாக இருந்தும் போலியாக இருக்கலாமா? இருக்கலாம். கெட்டிக்காரன் காசைக் கொஞ்சம் தடிப்பாக வார்த்து எடையைச் சரிக்கட்டிவிடுவான். அப்போதுதான் தண்ணீர் சோதனை வேண்டும்.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனாலும் பால் கொட்டி நிறுத்த நாட்கள் நம்மில் பலருக்கு மறக்காது. வாளிப் பாலில் எத்தனை ரப்பர், எத்தனை தண்ணீர் என்று அறியக் கிராணி மெட்ரோலாக்கை மிதக்க விடுவார். ரப்பர் அதிகமுள்ள பால் இலேசானது, அதில் மெட்ரோலாக் ஆழமாக இறங்கும். தண்ணீர் கலந்த பாலில் மேலே நிற்கும். பாலைக் காய்ச்சாமல், உறைய வைக்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லிவிடும். அந்த அளவைச் சரியாகப் படிக்கச் சொல்லி நாம் போடாத சண்டையா! காசுக்கும் அதே நியாயம்தான். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு கனம் உண்டு. தண்ணீரைப்போல வெள்ளி பத்தரை மடங்கு கனம், பித்தளை எட்டரை மடங்கு, ஈயம் பதினொன்றேகால் மடங்குக்குச் சற்று மேல்.

செய்யும் முறை இது. முதலில் காசைக் காய்ந்தபடி நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் வைத்து, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய தையல் நூலில் கட்டி, முழுவதும் தண்ணீரில் முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது, நூலைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் ஒரு தடவை ஆட்டி விடுங்கள். இப்போது தராசு காட்டுவதை எழுதுங்கள். முதல் எடையை இதனால் வகுத்தால் கனம் வந்துவிடும். வகுத்தல் கணக்கு வராதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூப்பிடலாம்.

முழு வெள்ளி ரூபாய் 11.66 கிராம் என்றால் தண்ணீரில் தராசு 1.13 காட்டும். பாதி வெள்ளி ரூபாய் சுமார் 1.2 காட்டும். செம்பு நிக்கல் என்றால் 1.3, பித்தளை என்றால் 1.37. ஈயம் என்றால் 1.03 அளவுக்கு இறங்கிவிடும். 1904-ஆம் ஆண்டு டாலர் 26.95 கிராம் இருந்தால் தண்ணீரில் 2.6-ஐ ஒட்டி வரவேண்டும். வித்தியாசம் சின்னதாகத் தோன்றும், ஆனால் நல்ல தராசுக்கு அது போதும். இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள். ஒரே மாதிரி வந்தால் நம்பலாம்.

ஓசை, காந்தம், பல்

செட்டியார் கிட்டங்கியில் காசைச் சுண்டிப் போட்டு ஓசை கேட்டு வாங்குவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். காசு பார்க்கிற வேலைக்கே நம் பாசையில் 'நோட்டம்' என்றுதான் பெயர், பார்க்கிறவர் நோட்டக்காரர். வெள்ளிக் காசை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் மெல்லத் தட்டினால் மணி மாதிரி இழுத்து ஒலிக்கும். ஈயம் கலந்தது 'டொக்' என்று அடங்கிவிடும். ஆனால் உள்ளே வெடிப்பு விழுந்த நல்ல காசும், வளையம் பற்றவைத்த காசும் மந்தமாகத்தான் ஒலிக்கும். ஆகவே ஓசையை மட்டும் நம்பி ஒரு காசைத் தள்ளிவிட வேண்டாம். நல்ல காசு என்று உறுதியான ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரி.

காந்தத்தைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. ஒட்டவில்லை என்றால் வெள்ளி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒட்டினால் வெள்ளி இல்லை என்பது சரி. ஒட்டாததெல்லாம் வெள்ளி என்பது சரியில்லை. செம்பு ஒட்டாது, பித்தளை ஒட்டாது, ஈயமும் ஒட்டாது.

கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் சில விசயம் தெரியும். அரசாங்கக் காசு அச்சில் அழுத்தி அடித்தது. எழுத்து கூராக நிற்கும், பூமி வழுவழுப்பாக இருக்கும். வார்த்த போலியில் ஊசி குத்தினமாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், எழுத்தின் ஓரம் உருண்டிருக்கும். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு பாதியை ஒட்டிய கோடு தெரிந்தாலோ, பற்கள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருந்தாலோ, வார்த்ததுதான். மெக்சிகோ டாலரிலும் வணிக டாலரிலும் சின்னச் சின்னச் சீன முத்திரைகள் குத்தியிருக்கலாம். அது அக்காலச் சீன வியாபாரிகள் சோதித்து இட்ட அடையாளம். அதைப் பார்த்துப் போலி என்று பயப்படவும் வேண்டாம், அது இருப்பதால் நிச்சயம் நல்லது என்று நம்பவும் வேண்டாம். முத்திரையோடு சேர்த்தே போலி செய்கிறார்கள். இந்த இரண்டு வகை டாலரிலும் போலி மிகுதி.

கடித்துப் பார்ப்பது, கல்லில் தேய்ப்பது எல்லாம் பல்லுக்கும் காசுக்கும் கேடு. ஆசாரி திராவகம் விட்டுப் பார்க்கலாம் என்பார். அது வெள்ளியா என்று சொல்லும், ஆனால் மேலே முலாம் இருந்தால் அராவிப் பார்க்க வேண்டும், அராவினால் காசு கெட்டது. நகைக்கடையில் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் எந்திரம் வைத்திருக்கிறார்கள். காசுக்குச் சேதம் இல்லை. ஆனால் அது மேல்தோலை மட்டும் படிக்கும், தடித்த முலாம் அதை ஏமாற்றலாம். எந்திரமும் எடையும் தண்ணீரும் ஒரே பதிலைச் சொன்னால் பிறகு சந்தேகம் இல்லை.

தாய்மார்களே, புளியைத் தொடாதீர்கள்

விற்கப் போகிறோமே, பளிச்சென்று இருக்கட்டும் என்று புளி, சாம்பல், பல்பொடி போட்டு விளக்குகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. குத்துவிளக்குக்கு அது சரி. பழங்காசுக்கு அதைப்போலக் கேடு வேறில்லை. காசு சேர்ப்பவர்கள் அந்தக் கறுப்புத் தோலோடு இருப்பதைத்தான் விரும்பி வாங்குகிறார்கள். தேய்த்தவுடன் வெள்ளியின் எடை மதிப்பு மட்டும் நிற்கும், பழமைக்கு உரிய மதிப்பு போய்விடும். சில ஆண்டுக் காசுகள் வெள்ளி மதிப்பைவிடப் பல மடங்கு விலை போகும். 1939-ஆம் ஆண்டு இந்திய ரூபாய் அப்படிப்பட்ட ஒன்று. அதனாலேயே 1938-ஐ 1939 என்று திருத்தியும் விற்கிறார்கள். ஆகவே உருக்கிற விலைக்குக் கொடுக்கு முன் காசு சேர்ப்பவர் ஒருவரிடம் காட்டுவது நல்லது. அழுக்கு மிகுதியாக இருந்தால் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியில் ஒற்றி எடுத்தால் போதும்.

இன்னும் ஒன்று. இராமர் பட்டாபிசேகம், அனுமார் உருவம் போட்டு, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி என்றும் 1616, 1717, 1818 என்றும் பொறித்த காசுகள் நம் மக்களிடம் உண்டு. கம்பெனி அப்படிக் காசு அடிக்கவில்லை. அவை பிற்காலத்தில் கோயில் வாசலில் விற்பனைக்காகச் செய்தவை. "இதுக்குச் சக்தி இருக்கு, அரிசியை இழுக்கும், இலட்சக்கணக்கில் போகும்" என்று சொல்லி ஏமாற்றுகிற கூட்டம் தமிழ்நாட்டில் பலமுறை போலீசில் சிக்கியிருக்கிறது. சாமி மாடத்தில் வைத்துக் கும்பிடுவது அவரவர் விருப்பம், அதில் நாம் தலையிடவில்லை. அதற்காகச் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

மண்ணைத் தோண்டும்போது பானையும் காசுமாகக் கிடைத்தால் அது பாட்டன் முடிச்சு மாதிரி இல்லை. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்து விற்றால் வம்பு.

விற்கிற அன்று

லயத்து வாசலில் விற்க வேண்டாம். பட்டணத்துக் கடைக்குப் போங்கள், தனியாகப் போகாதீர்கள், படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். அன்றைய வெள்ளி விலையைக் காலையிலேயே கைப்பேசியில் பார்த்துக் கிராமுக்கு எத்தனை வெள்ளி என்று எழுதிக்கொள்ளுங்கள். முழு வெள்ளியைத் தனியாகவும் பாதி வெள்ளியைத் தனியாகவும் பிரித்துப் பொட்டலம் கட்டுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை காசு, மொத்தம் எத்தனை கிராம் என்று எழுதுங்கள். வளையம் வைத்த காசைக் கலக்காதீர்கள். கடைக்காரர் அதையே காட்டி எல்லாவற்றுக்கும் விலையைக் குறைப்பார். பேராக் பாட்டி தாலிக்கொடியில் கிடந்த தம் தாயாரின் வளையக் காசை அந்த 23-இல் சேர்க்கவே இல்லை; கேட்டால் "அது காசு இல்ல தம்பி" என்றார். அப்படிப்பட்டதைக் கடைக்குக் கொண்டுபோகவே வேண்டாம், மேசைக்கு வந்துவிட்டால் மனம் தடுமாறும்.

போலி என்று நமக்கே தெரிந்த காசை நல்லதோடு கலந்து தள்ளப் பார்ப்பதும் கூடாது. அது தப்பு என்பது ஒரு பக்கம். ஒரு போலி அகப்பட்டால் மற்ற நல்ல காசுக்கும் சந்தேகம் வந்து விலை விழும் என்பது இன்னொரு பக்கம்.

ஒரு கடையில் விலை கேட்டுவிட்டு, "யோசிச்சிட்டு வர்றோம்" என்று சொல்லி அடுத்த கடைக்கும் போங்கள். இரண்டாவது கடைக்குப் போக வெட்கப்பட வேண்டாம், சம்பளப் பேச்சில்கூட முதலாளி சொன்ன முதல் தொகைக்கு நாம் கையெழுத்துப் போடுவதில்லை. விலை ஒத்துவந்தால் காசின் எண்ணிக்கையும் எடையும் எழுதிய ரசீது கேளுங்கள். நிறுக்கும்போது தராசு முதலில் சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். காசை உள்ளே கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு வருகிறேன் என்றால், "இங்கயே பாருங்க அண்ணே" என்று சொல்லுங்கள். பணம் கைக்கு வரும்வரை காசை மேசைமேல் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள்.